கெண்டைப் பித்தம்

புருஷனுக்குக் காமாலை இறங்கும் வரைக்கும் வீட்டில் தாளிக்கிற வாசனையே வரக்கூடாது என்று ஞானஜோதி சொன்ன அன்றைக்குத்தான் கங்கம்மா நெத்திலி வறுத்தாள். அதுவும் சும்மா வறுக்கவில்லை. பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டு, எண்ணெய் புகைகிற வரைக்கும் காய விட்டு, தெருவே தும்முகிற மாதிரி வறுத்தாள்.

கடப்பேரியில் எங்கள் தெருக்கோடியில் இருந்த அந்த வீடு கங்கம்மா கட்டியது. கோவளத்துக் கடற்கரையிலிருந்து கூடையோடு பஸ் ஏறி வந்து, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று, வெட்டிக் கொடுத்துக் கட்டிய வீடு. தாய் இல்லாத தம்பி மாணிக்கவேலைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அவன் குரோம்பேட்டையில் லேத்துப் பட்டறை வேலைக்குப் போய் ஆளானான். பிறகு ஒரு நாள், சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிற, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண் ஞானஜோதியை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு மாலையோடு வாசலில் வந்து நின்றான். கங்கம்மா மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு சுவர் எழுப்பச் சொன்னாள். ஆளுயரம் வந்ததும் செங்கல் தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வரைக்கும் திறந்தே கிடந்தது. இந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் கேட்கும்.

அதனால் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினால் போதும். அதில் இரண்டு பேரும் கெட்டிக்காரிகள்.

"மூணு வேளையும் கஞ்சி. எலும்பும் தோலுமா பூட்டான். லேத்துல நிக்கிற ஒடம்பு இன்னாத்துக்காவும்? ஒரு துண்டு மீனு துன்னா செத்தா பூடுவான்?" இது கங்கம்மா, நெத்திலியைப் புரட்டிக்கொண்டே.

"டாக்டர் சொன்னத நான் செய்யறேன். அக்கறை இருக்கிறவங்க அடுப்ப அணைக்கட்டும்." இது ஞானஜோதி, கஞ்சியை ஆற்றிக்கொண்டே.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மாணிக்கவேல் சுவரோரமாகப் பாயில் படுத்து, மஞ்சள் ஏறிய கண்ணால் கூரையைப் பார்த்தபடி நெத்திலி வாசனையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வருஷத்து வெயில் அப்படி. கிணறுகளெல்லாம் சேறாகிவிட்டன. லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நின்றது. பட்டறைப் பையன்கள் எங்கே கிடைத்ததோ அங்கே குடித்தார்கள். மாணிக்கவேலுக்கு முதலில் பீடி கசந்தது. பிறகு சோற்றைக் கண்டால் குமட்டியது. கங்கம்மா தன் பழைய முறைப்படி அவன் சிறுநீரைக் கொட்டாங்கச்சியில் பிடித்து, அதில் ஒரு பிடி வெந்த சோற்றைப் போட்டு வைத்தாள். சோறு மஞ்சளாகிவிட்டது, காமாலைதான். அவள் அதைத் தூக்கிச் சுவர் மேல் வைத்தாள், அந்தப் பக்கத்துக்காரி பார்க்கட்டும் என்று. ஞானஜோதி அதைக் குச்சியால் தள்ளிவிட்டுப் புருஷனை ஜி.எஸ்.டி. ரோட்டில் பக்தவச்சலம் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

பக்தவச்சலம் டாக்டர் பொறுமைசாலி. கல்லீரல்தான் உடம்புக்கு அடுப்படி என்றார். தின்றதையெல்லாம் பக்குவம் பண்ணுவது, உள்ளே வந்த விஷத்தை முறிப்பது எல்லாம் அங்கேதான். பித்தம் சுரப்பதும் அங்கேதான். அதைச் சேர்த்து வைக்க ஒட்டினாற்போல ஒரு சின்னப் பை உண்டு, கொழுப்பு தின்னும்போது அது சுருங்கிப் பித்தத்தைக் குடலில் இறக்கும். கல்லீரல் வீங்கினால் பித்தம் போக வேண்டிய வழியில் போகாமல் ரத்தத்தில் கலந்து கண்ணில் மஞ்சளாக ஏறும். வீங்கினது தானாகவே வற்றும், அதைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும், அவ்வளவுதான் என்றார். படுத்திருக்கணும், கொதித்து ஆறின தண்ணீர் குடிக்கணும், ஆவியில் வெந்ததைச் சாப்பிடணும், சாராயத்தை நினைக்கவும் கூடாது. கீழாநெல்லி கொடுக்கலாமா என்று ஞானஜோதி கேட்டதற்கு, கொடும்மா, ஆனால் அதோடு நிறுத்திக்கொள், கண்டவர் சொன்னதையெல்லாம் கொடுக்காதே என்று அனுப்பினார்.

அவர் சொன்னது ஞானஜோதிக்கு வேதவாக்கு. ஷிப்ட் முடிந்து வரும்போது சானடோரியம் ரயில்வே வேலியோரம் குனிந்து குனிந்து கீழாநெல்லி பறிப்பாள். இலைக்கு அடியில் வரிசையாகக் காய் தொங்குகிறதா என்று புரட்டிப் பார்க்காமல் ஒரு செடியைப் பிடுங்க மாட்டாள். விடியற்காலையில் அதை அம்மியில் அரைத்து, மோரில் கரைத்து, வெறும் வயிற்றில் கொடுப்பாள். பிறகு இட்லி, கஞ்சி, இளநீர். உப்பைக்கூடக் கிள்ளித்தான் போடுவாள். அவள் புருஷனை அதட்டுகிற அதட்டலைக் கேட்டால் நோயே பயந்து ஓடிவிடும் போலிருக்கும். உண்மையிலேயே ஓடத்தான் தொடங்கியிருந்தது. கண்ணில் மஞ்சள் மங்கியது. பசி எடுத்தது. பாயிலிருந்து எழுந்து வாசல் வரைக்கும் நடந்தான்.

ஆனால் காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். கங்கம்மாவுக்குத் தம்பியின் கன்னம் ஒட்டினதுதான் தெரிந்தது, கண் வெளுத்தது தெரியவில்லை. தன் தம்பியை ஒருத்தி பட்டினி போட்டே கொல்கிறாள் என்று மார்க்கெட்டில் பக்கத்துக் கடைத் தனக்கோடியிடம் தினமும் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம்தான் மதுராந்தகம் ஏரி வற்றி, குத்தகைக்காரர்கள் கெண்டையை வாரி மார்க்கெட்டில் கொண்டுவந்து கொட்டினார்கள். தாம்பரத்தில் குடியேறிய ஆபீஸ் ஜனங்களுக்கு அந்த ஏரி மீன்தான் பிடித்தது. கங்கம்மாவுக்கு அதைக் கண்டாலே இளக்காரம். சேற்றில் மேய்கிற மீனை மனுஷன் தின்பானா என்பாள். ஆனால் வெட்டிக் கொடுக்கிற கூலி வேலையில் இளக்காரம் பார்க்க முடியாது. கெண்டையை வயிற்றுப் பக்கம் கீறி, குடலை வழிக்கும்போது பித்தப்பை கிழியாமல் எடுக்க வேண்டும். கிழிந்தால் போயிற்று, எத்தனை தண்ணீரில் அலசினாலும் மீன் கசக்கும், வாங்கினவன் திரும்பி வந்து நிற்பான். கங்கம்மா கையில் கிழிந்ததே இல்லை. அரிவாள்மணையில் உட்கார்ந்து அவள் எடுக்கிற லாவகத்தைப் பார்க்கவே சிலர் நிற்பார்கள்.

அப்படி எடுக்கும்போதுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. கோவளத்தில் அவளுடைய அப்பா யாருக்காவது கண் மஞ்சளித்தால் கடல் மீனின் பித்தத்தை எடுத்து வெல்லத்தில் பொதிந்து கொடுப்பாராம். கடல் மீனில் அது கடுகு அளவுதான் இருக்கும். இந்தக் கெண்டையில் கோலிக்குண்டு மாதிரி உருண்டு திரண்டு கரும்பச்சையாக இருந்தது. கடுகுக்கே காமாலை ஓடினால் கோலிக்கு ஓடாதா? கடலையே பார்த்து வளர்ந்தவளின் கணக்கு அது. ஏரி மீனைத் தின்ன மறுத்தவள், அதன் பித்தத்தை மட்டும் நம்பினாள்.

மறுநாள் ஞானஜோதி காலை ஷிப்டுக்குக் கிளம்பின பிறகு கங்கம்மா சுவரைச் சுற்றி வந்து தம்பி வாசலை மிதித்தாள். சுவர் கட்டின பிறகு அதுதான் முதல் தடவை. கையில் வாழையிலைச் சருகில் மடித்த பொட்டலம்.

"இன்னாக்கா இது?"

"மருந்து. பல்லுல படாம முயுங்கு."

"பித்தமா?"

"அப்பாரு குடுப்பாரே, மறந்துட்டியா? நாளைக்கே கண்ணு வெளுத்துடும்."

"அவளுக்குத் தெரிஞ்சா பேஜாராப் பூடும்க்கா."

"தெரிஞ்சா இன்னா, செவுத்த இடிச்சிடுவாளா? நீ முயுங்கு. ஞாயித்துக்கெயம வஞ்சரம் கொயம்பு வச்சித் தரேன்."

அவன் விழுங்கினது அக்காவுக்காகவும் அல்ல, காமாலைக்காகவும் அல்ல. வஞ்சிரக் குழம்புக்காக. மூன்று வாரக் கஞ்சி ஒரு மனிதனை எதையும் விழுங்க வைக்கும்.

மத்தியானத்துக்குள் வாந்தி எடுக்கத் தொடங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பேதியும் சேர்ந்துகொண்டது. ஞானஜோதி வந்து பார்த்தபோது பாயெல்லாம் நனைந்து கிடந்தது. என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டாள். கஞ்சிதான் என்றான். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளுகிற சத்தம்கூட இல்லை. வெயில் சூடு என்று நினைத்து மோரும் இளநீரும் கொடுத்துப் பார்த்தாள். வாந்தி நின்றது, ஆனால் அதோடு சிறுநீரும் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் காலையில் அவன் முகம் ஊதியிருந்தது. கண்ணில் மஞ்சள் முன்னைவிட அடர்த்தியாக ஏறியிருந்தது. பக்தவச்சலம் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இங்கே ஒரு நிமிஷம்கூட நிற்காதே, பெரியாஸ்பத்திரிக்குப் போ என்றார்.

பட்டறைக்காரர்கள் டாக்சி பிடித்து ஏற்றி அனுப்பினார்கள். கங்கம்மா பின்னாலேயே மின்சார ரயிலில் போய்ச் சேர்ந்தாள். வார்டு வாசலில் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றாள், உள்ளே வரவில்லை.

வார்டில் இருந்த டாக்டரம்மா கறாரானவள். கல்லீரல் மட்டும் இல்லை, கிட்னியும் நின்றுபோயிருக்கிறது, இது சாதாரணக் காமாலை செய்கிற வேலை இல்லை, ஏதோ விஷம் உள்ளே போயிருக்கிறது என்றாள். என்ன கொடுத்தீர்கள் என்று ஞானஜோதியைக் கேட்டாள். கஞ்சி, இட்லி, கீழாநெல்லி என்றாள் ஞானஜோதி. கீழாநெல்லி என்ற சொல்லைக் கேட்டதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. வேலியோரத்தில் பறித்ததா, அது கீழாநெல்லிதான் என்று உனக்கு யார் சொன்னது, என்ன செடியைப் பிடுங்கி அரைத்துக் கொடுத்தாயோ என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள். அந்தச் செடியை உடனே கொண்டு வா, என்ன விஷம் என்று தெரியாமல் நான் எதற்கு வைத்தியம் பார்ப்பது என்றாள்.

ஞானஜோதி புருஷனைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூணோரம் நின்ற கங்கம்மாவைப் பார்த்தாள். கங்கம்மா தலையைக் குனிந்து முந்தானையில் ஒட்டியிருந்த செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. பாவி, வாயைத் திறக்கவில்லை. தம்பி செத்தாலும் சரி, பழி அந்தப் பக்கமே கிடக்கட்டும் என்று நின்றாள் என்றுதான் நான் சொல்வேன். பயத்தில் நின்றாள் என்று சொல்கிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு.

பார்க் ஸ்டேஷனில் ஞானஜோதி சானடோரியத்துக்கு டிக்கெட் எடுத்து ரயிலேறினாள், செடி பறித்து வர. சைதாப்பேட்டை தாண்டுகிற வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். தன் கையாலேயே கொன்றுவிட்டோமோ என்று ஒவ்வொரு இலையையும் நினைத்து நினைத்துப் பார்த்தாள். பல்லாவரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. கீழாநெல்லிதான் காரணம் என்று டாக்டரே சொல்லிவிட்டாள். கங்கம்மாவுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு உண்டா? நியாயமாக அவள் ஆஸ்பத்திரி இடிந்து விழுகிற மாதிரி கூச்சல் போட்டிருக்க வேண்டும், மயிரைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அவள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்?

சானடோரியத்தில் இறங்கி வேலியில் ஒரு கைப்பிடி செடியைப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ரயிலில் நேரே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனாள். மனசு சரியில்லாவிட்டால் கடைக்குத்தான் வருவாள் என்று அவள் நினைத்தபடியே, கங்கம்மா ஆஸ்பத்திரியில் நிற்க மாட்டாமல் பின்னாலேயே கிளம்பித் திரும்பி வந்து, கடைக்கு முன்னால் வாங்குவாரில்லாமல் கிடந்த கெண்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கத்தி மடியில் கிடந்தது.

"என்ன குடுத்த?" என்றாள் ஞானஜோதி. சுவரைப் பார்த்து அல்ல, முகத்தைப் பார்த்து.

"நானா? நீ பட்டினி போட்டு, கண்ட சாக்கடைப் பூண்ட அரச்சி ஊத்திட்டு—"

"செடி பேச்ச விடு. நீ என்ன குடுத்தன்னு கேக்கறேன். அங்க மருந்து ஏத்தாம உக்காந்திருக்காங்க."

கங்கம்மா மீன் மேல் மொய்த்த ஈயை ஓட்டினாள். தனக்கோடிதான், எதையோ இலையில் மடித்துக்கொண்டு போனாயே, அதைச் சொல்லேன் என்றாள். அதுதான் வினையாகிப் போயிற்று. எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டதால் கங்கம்மாவுக்கு வீம்பு ஏறியது. முன்னால் கிடந்த கெண்டை ஒன்றைத் தூக்கி, ஒரே கீறலில் திறந்து, பச்சைப் பையைக் கிழியாமல் எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இத்தத்தான் குட்த்தேன். எங்கப்பன் ஊருக்கே குட்த்த மருந்து. வெஷம்ன்றியா? நான் முயுங்கறேன். எல்லாரும் பாருங்க, நான் சாவறனா பாருங்க."

வாய்க்குக் கொண்டுபோயும் விட்டாள். ஞானஜோதி அந்தக் கையை ஓங்கித் தட்டினாள். பை எகிறிப் போய்த் தராசுத் தட்டில் விழுந்து கிழிந்து, பச்சையாக வழிந்தது. இரண்டாவது அடி கங்கம்மாவின் கன்னத்தில் விழுந்தது. கங்கம்மாவைக் கைநீட்டி அடித்தவர் யாரும் அதுவரைக்கும் தாம்பரத்தில் இல்லை.

"நீயும் படுத்துட்டா டாக்டர்கிட்ட யார் வந்து சொல்றது?" என்றாள் ஞானஜோதி. "எழுந்திரு. அப்புறமா சாவு."

கங்கம்மா எழுந்தாள். ஒரு கெண்டையைக் காகிதத்தில் சுற்றிக் கத்தியோடு எடுத்துக்கொண்டாள். ரயிலில் அந்த வாடைக்குப் பயந்து சனங்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒருத்தி இந்த வாசலில், ஒருத்தி அந்த வாசலில் நின்றுகொண்டே போனார்கள். ஒருவர் கையில் செடி, ஒருவர் கையில் மீன்.

டாக்டரம்மா மீனைப் பார்த்ததும் முதலில் சீறினாள். பிறகு கங்கம்மா தாழ்வாரத்தில் குந்தி, காகிதத்தின் மேல் அதைக் கீறிப் பையை எடுத்துக் காட்டினபோது சீற்றம் அடங்கிவிட்டது. இதையா, முழுசாகவா, என்றைக்கு என்று கேட்டாள். கங்கம்மா எதையும் மறைக்காமல் சொன்னாள். மீனுக்குப் பித்தம் அதன் தீனியைக் கரைக்க, மனுஷனுக்கு அது விஷம், அதுவும் இந்தக் கெண்டைச் சாதியின் பித்தம் கல்லீரலையும் கிட்னியையும் சேர்த்து அடிக்கும், ஏற்கெனவே வீங்கிப் புண்ணாகிக் கிடந்த கல்லீரல் எப்படி முறிக்கும் என்றாள் டாக்டரம்மா. ஞானஜோதி கொண்டுவந்த செடியை வாங்கி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கீழாநெல்லிதான் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. வயிற்றில் குழாய் விட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டும், கிட்னி பிழைத்துக்கொண்டால் ஆள் பிழைத்துக்கொள்வான் என்று நர்சைக் கூப்பிட்டாள். போகிற போக்கில் கங்கம்மாவைக் காட்டி, இந்தம்மா நோயாளிக்கு யார் என்று ஞானஜோதியைக் கேட்டாள்.

"அவர வளத்தவ," என்றாள் ஞானஜோதி. "கொல்லப் பாத்தவளும் இவதான்."

கங்கம்மா தாழ்வாரத்தில் வழிந்த மீன் ரத்தத்தைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள்.

மாணிக்கவேல் பிழைத்தான். குழாயோடு கிடந்த நாளெல்லாம் இரண்டு பேரும் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஒருத்தி வந்தால் மற்றவள் எழுந்து போய்விடுவாள். முகம் வற்றி, சிறுநீர் பிரிந்து, அவன் வாய் திறந்து பேசின அன்றைக்கு ஞானஜோதி கேட்டாள், டாக்டர் என்னைக் கொலைகாரி மாதிரி நிற்க வைத்துக் கேட்டபோது ஏன் கண்ணை மூடிக்கொண்டீங்க என்று.

"சொன்னா அக்காவ போலீஸ் இட்டுகினு பூடும்னு நெனச்சேன்," என்றான்.

"என்னைய இட்டுகினு போனா பரவால்லையா?"

அவள் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், ஆனால் கொஞ்ச நாளைக்கு அவன் முகத்தைப் பார்க்காமல் ஊட்டினாள். அவளுக்குக் கங்கம்மா மேல் இருந்ததைவிட அவன் மேல்தான் ஆத்திரம் அதிகம் என்பது எங்கள் தெருவுக்கே தெரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் சுவர் அப்படியேதான் நின்றது. ஜாடைப் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. கங்கம்மா தன் பக்கத்தில் எதையும் வறுக்கவில்லை, ரசத்துக்குக்கூடத் தாளிக்கவில்லை. அதை யாரும் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

கார்த்திகை வாக்கில் பக்தவச்சலம் டாக்டர் எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, இனிமேல் குழம்பு மீன் கொஞ்சம் சாப்பிடலாம், வறுத்தது வேண்டாம், குடி ஜென்மத்துக்கும் வேண்டாம் என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஜோதி பையோடு மார்க்கெட்டுக்குப் போனாள். மீன் விற்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் யாரிடமும் நிற்காமல் நேரே கங்கம்மாவின் அரிவாள்மணைக்கு முன்னால் போய் நின்றாள். வேறு ஒருத்தியிடம் வாங்கினால் அவள் எதைப் போட்டாள் எதை எடுத்தாள் என்று யாருக்குத் தெரியும் என்று பிறகு சொன்னாளாம்.

சங்கரா மீனைக் கையால் காட்டினாள். கங்கம்மா எடுத்துச் செதில் சீவி, வயிற்றைக் கீறினாள். கடுகளவு பித்தப்பையைக் கத்தி முனையில் தூக்கி, ஞானஜோதியின் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டிவிட்டுக் குடல் வாளியில் போட்டாள். பிறகு அடுத்த மீன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் ஒருத்தி பேசாமல் காட்டுவாள், ஒருத்தி பேசாமல் பார்ப்பாள்.

மாசியில் ஒரு நாள் ஞானஜோதி நாலு சங்கராவைக் காட்டினாள். கங்கம்மா மூன்றின் பித்தத்தைக் காட்டிப் போட்டாள். நாலாவதை வெட்டினவள் உள்ளே பார்த்துவிட்டு, அதை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மூன்று மீனை மட்டும் அலசிப் பையில் போட வந்தாள். ஞானஜோதி பையை நீட்டவில்லை.

"நாலாவது எங்க?"

ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் கங்கம்மாவிடம் பேசின முதல் வார்த்தை அது. கங்கம்மா கத்தியைத் துடைத்தாள்.

"பை உள்ளயே கியிஞ்சி பூட்ச்சி," என்றாள். "உனுக்கு அத்தத் தர மாட்டேன்."

கூடையில் கையை விட்டு இன்னொரு சங்கராவை எடுத்தாள். நிதானமாகக் கீறி, பையை முழுசாக வெளியே எடுத்து, ஞானஜோதி தலையை ஆட்டுகிற வரைக்கும் கத்தி முனையில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.